புள்ளிராஜாவின் மனைவியை யார் கேட்டார்கள்?

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் ஒரு கேள்வி ஒட்டப்பட்டிருந்தது. பேருந்தின் முதுகிலே அந்தக் கேள்வி; தேநீர்க் கடையின் தட்டியிலே அந்தக் கேள்வி; சந்தைக்குப் போனாலும் அது, சாவடிக்குப் போனாலும் அது. புள்ளிராஜா என்றொருவனுக்கு எய்ட்ஸ் வருமா என்பதே அந்தக் கேள்வி. 2003-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த அந்த விளம்பரத்தைக் கண்டு சிரித்தவர் உண்டு, சினந்தவர் உண்டு, சிறுவர்களின் காதைப் பொத்தியவரும் உண்டு. ஆயினும் ஊரைப் பேச வைத்தது அது. பேசாப் பொருளைப் பேச வைத்த பெருமையை அதனிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை.

ஆனால், நாடகம் எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மேடையில் நிற்பவனைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே, மேடைக்கு வராமல் திரைக்குப் பின்னே நிற்பவளை அவன் மனம் தேடும். புள்ளிராஜாவுக்கு வருமா என்று நாடே கேட்டது. புள்ளிராஜாவின் மனைவிக்கு வருமா என்று யார் கேட்டார்கள்? அவள் எங்கே இருந்தாள்? அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்லியிருந்தாலும், அவளால் என்ன செய்திருக்க முடியும்?

அந்த மனைவி சொந்த ஊரில், சொந்த வீட்டில், சொந்தக் குடும்ப அட்டையோடு இருந்தால் அது ஒரு துயரம். அவளே கடல் கடந்து வந்தவளாய், பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று பிள்ளைகளோடு முடங்கிக் கிடப்பவளாய், பெயர் சரிபார்க்கும் நாளில் வரிசையில் நிற்பவளாய், அகதி என்ற அடைமொழியைச் சுமப்பவளாய் இருந்தால்? அவளைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உங்களோடு பேச விரும்புகிறேன்.

வரைபடம் வேண்டாம், வழித்தடம் போதும். ராயகிரியிலிருந்து சிவகிரிக்கு வந்து, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் ஏறி நில்லுங்கள். வடக்கே திரும்பினால் ராஜபாளையம். அதனருகே மொட்டமலை முகாம். தெற்கே திரும்பினால் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர். அந்தப் பக்கம் போகநல்லூர் முகாம். செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் சரக்கு லாரிகள் இரவெல்லாம் ஓடுகிற சாலை அது. அந்தச் சாலையின் இரு முனையிலும் நம் மொழி பேசும் ஈழத்து உறவுகள் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணமும் மன்னாரும் நமக்கு மேடைப் பேச்சில் அண்டை வீடு. மொட்டமலையும் போகநல்லூரும் மட்டும் தொலைதூரம்! என்ன விந்தை இது?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்கள், அதன் பின் போர் மூண்ட ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் என, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டின் கரையைத் தொட்டனர். பலர் திரும்பினர். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட கணக்கின்படி, முகாம்களில் மட்டும் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர்; முகாமுக்கு வெளியே 34 ஆயிரம் பேர். அந்த ஆண்டு முகாமின் பெயர் மாறிற்று. அகதிகள் முகாம் மறுவாழ்வு முகாம் ஆயிற்று. உதவித்தொகை உயர்ந்தது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்றாயிற்று. 2022-இல் திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்திலே புது வீடுகள் திறக்கப்பட்டன. நல்லன நடந்ததை நல்லன என்றே சொல்வோம். ஆனால் கூரை மாற்றினால் போதுமா? கூரைக்குக் கீழே இருப்பவளின் உடலுக்குக் காவல் எது?

பேச்சைத் தொடங்குமுன் ஒரு நச்சு முள்ளைப் பிடுங்கி எறிந்துவிடுவோம். அகதியையும் நோயையும் ஒரே மூச்சில் சொன்னவுடன், அகதிதான் நோயைச் சுமந்து வருகிறான் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மை என்ன?

ஈழத்து மக்கள் புறப்பட்டு வந்த இலங்கை, எச்.ஐ.வி. மிகக் குறைவாக உள்ள நாடுகளில் ஒன்று. வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை என்பது அங்குள்ள நிலை. தாயிடமிருந்து குழந்தைக்கு இக்கிருமி பரவுவதை ஒழித்துவிட்ட நாடென்று 2019-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றும் பெற்றது. இந்தியாவிலோ தொற்று விகிதம் அதைவிடக் கூடுதல்; 24 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே இக்கிருமியோடு வாழ்கிறார்கள். ஆகவே அச்சம் யாருக்கு யாரிடமிருந்து? கணக்கைத் திருப்பிப் படியுங்கள்!

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். ருவாண்டா, புருண்டி, சோமாலியா, உகாண்டா, காங்கோ எனப் போரில் வெந்த ஏழு நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து, 2007-இல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அகதி முகாம்களையும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 12 ஒப்பீடுகளில் 9-இல், முகாமிலே தொற்று ஊரைவிடக் குறைவு. 2-இல் ஏறத்தாழச் சமம். ஒன்றே ஒன்றில்தான் அதிகம். அகதி நோயின் தூதுவன் அல்லன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இருந்தும் உலகம் என்ன செய்தது? 1991-இல் ஹெய்ட்டியில் இராணுவம் ஆட்சியைப் பறித்தபோது, மக்கள் படகேறி அமெரிக்காவை நோக்கி ஓடினர். அவர்களுள் புகலிடம் கேட்கத் தகுதியுடையோர் என்று அமெரிக்க அதிகாரிகளே ஒப்புக்கொண்ட 200-க்கும் மேற்பட்டவர்களை, இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்த ஒரே காரணத்துக்காக, குவான்டனாமோ கடற்படைத் தளத்தில் முள்வேலிக்குள் அடைத்து வைத்தார்கள். அவர்களுள் பெண்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். 1993 ஜூனில் நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. சுதந்திர தேவியின் சிலையை வாசலில் நிறுத்திய நாடு செய்த செயல் இது! நோய்க்கு அஞ்சினார்களா, நோயாளிக்கு அஞ்சினார்களா? எண்ணிப் பாருங்கள்.

கடல் கடந்து குற்றம் காணும் நாம், கண்ணெதிரே நடந்ததை மறக்கலாமா? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. 1986-இல் சட்டமன்றத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அதை அறிவித்தார். அறிவியலுக்கு அது வெற்றி. அந்த இரண்டு பெண்மணிகளின் உழைப்புக்கு நாடு கடன்பட்டிருக்கிறது.

ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களுக்கு என்ன கிடைத்தது? அடுத்து வந்த ஆண்டுகளில், கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்கள் காவல் காலம் முடிந்தும் வெளியே விடப்படாமல் அடைத்து வைக்கப்பட்டனர். 1990-இல் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. அவர்களிடம் விற்கவும் வாங்கவும் வந்த ஆண்கள் எங்கே அடைக்கப்பட்டார்கள்? எங்கும் இல்லை! தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். தங்கள் தங்கள் மனைவியரிடம் போனார்கள்.

இங்கேதான், தோழர்களே, புள்ளிராஜாவின் மனைவி மேடைக்கு வருகிறாள்.

சென்னையில் சிகிச்சைக்கு வந்த 134 பெண்களைப் பற்றிய ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்கள் யாவரும் எச்.ஐ.வி. தொற்றியோர். அவர்களுள் நூற்றுக்கு 81 பேர் இல்லத்தரசிகள். நூற்றுக்கு 88 பேர் வாழ்நாளில் ஒரே ஆடவனை அறிந்தவர்கள். கற்பு கற்பு என்று கதைத்தோமே, அந்தக் கற்பு அவர்களைக் காத்ததா? ஊர் சொன்ன ஒழுக்கத்தையெல்லாம் அவர்கள் ஒன்றுவிடாமல் காத்தார்கள். அவர்களுக்கு வந்த நோய் அவர்களுடைய ஒழுக்கக் கேட்டால் வந்ததன்று. தாலி கட்டியவனின் வழியாக வந்தது. கற்பை இருவர்க்கும் பொதுவில் வைக்காத சமுதாயம், நோயை மட்டும் இருவர்க்கும் பொதுவில் வைத்தது!

இனி, அறிவு என்பது யாது என்று பார்ப்போம். எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டிருக்கிறாயா என்றால் கேட்டிருக்கிறேன் என்று எவரும் சொல்வர். கேள்விப்படுவது வேறு, தெரிந்திருப்பது வேறு. 2019 முதல் 2021 வரை நாடெங்கும் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு இதை அளந்து காட்டிற்று. ஆணுறை இடர்ப்பாட்டைக் குறைக்கும். தொற்றில்லாத ஒரே துணையோடு வாழ்வதும் குறைக்கும். நலமாகத் தோன்றுபவரிடமும் கிருமி இருக்கலாம். பரவலாக நம்பப்படும் பொய்கள் பொய்களே. இத்தனையும் அறிந்திருந்தால்தான் முழுமையான அறிவு என்று கொண்டார்கள். இந்தியாவில் 15 வயது முதல் 49 வரையுள்ள பெண்களில் அந்த அறிவுடையோர் நூற்றுக்கு 21.6 பேர், ஆண்களில் 30.7 பேர். பிறந்த மண்ணிலே வாழ்கிற, வாக்குரிமை பெற்ற, வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் உடைய பெண்களில் ஐவரில் ஒருவருக்குத்தான் முழுமையாகத் தெரியும் என்றால், முகாமின் மூலையில் இருப்பவளைக் குறை சொல்ல நமக்கு வாய் உண்டா?

ஆகவே அந்த அறிவை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஏட்டை மடித்து வைக்காமல் வீட்டிலே படித்துக் காட்டுங்கள்.

பாதுகாப்பற்ற உடலுறவால் எச்.ஐ.வி. பரவும். தொற்றுள்ள இரத்தத்தை ஏற்றினால் பரவும். ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்திக் கொண்டால் பரவும். தாயிடமிருந்து கருவிலோ, பேற்றின்போதோ, பாலின் வழியாகவோ குழந்தைக்குப் பரவும். வழிகள் இவ்வளவே.

தொட்டால் பரவாது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் பரவாது. ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால் பரவாது. கொசு கடித்தால் பரவாது. ஒரே தட்டில் உண்டாலும் பரவாது; இருமினாலும் தும்மினாலும் பரவாது. முகாமிலே இந்த 'பரவாது' மிகவும் முக்கியம். ஏனெனில் அங்கே குழாய் பொது, கழிப்பறை பொது, சுவர் பொது, காற்றும் பொது. ஒரு பொய் கிளம்பினால், ஒரு பெண்ணைத் தண்ணீர் வரிசையிலிருந்தே விரட்டிவிடலாம். ஊரிலே விரட்டினால் அவள் தாய்வீடு போவாள். முகாமிலே விரட்டப்பட்டவளுக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால்!

மருந்து உண்டு. 2004 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கிற்று. தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. 2017 முதல், தொற்று உறுதியான ஒவ்வொருவருக்கும் உடனே மருந்து தர வேண்டும் என்பது நாட்டின் கொள்கை. மருந்தை நாள் தவறாமல் உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் வழியே அது பிறருக்குத் தொற்றுவதில்லை. மருந்தே இல்லாதபோது, தொற்றுள்ள தாய்மார் நூறு பேரின் குழந்தைகளில் 15 முதல் 45 வரை கிருமியைப் பெறக்கூடும். மருந்து உண்டால் அதை 5-க்கும் கீழே இறக்கலாம். வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி, 28 நாள் உண்ணச் செய்தால் தொற்றைத் தடுக்க முடியும். அன்று மரண ஓலை என்று அஞ்சிய நோய், இன்று மாத்திரையால் அடக்கத்தக்க நோய். இதை அறியாமல் ஒரு பெண் இறந்தால், அவளைக் கொன்றது கிருமி என்றா எழுதுவது?

இவ்வளவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். செவிலியர் வந்தார், படம் காட்டினார், துண்டறிக்கை கொடுத்தார், கையொப்பம் வாங்கினார், போனார். பிறகு? கற்பனையாக ஒரு சிறு காட்சி எழுதுகிறேன். கணவன் வண்ணம் பூசும் வேலைக்கு வெளியூர் போய் இரண்டு மாதம் கழித்து வந்திருக்கிறான். முகாம் ஆண்களில் மிகப் பலருக்குப் பிழைப்பு அந்தத் தூரிகைதான். இரவு. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள்.

"இஞ்சருங்கோ, முகாமிலை கூட்டம் வைச்சவை. இரத்தம் சோதிக்கச் சொல்லினம்."

"ஆருக்கு?"

"எங்கள் ரண்டு பேருக்கும்தான்."

"எனக்கு என்னத்துக்கு? என்னைச் சந்தேகப்படுறியோ?"

அவள் பேசவில்லை.

"இல்லாட்டி, நான் இல்லாத நேரத்திலை உனக்குத்தான் சோதிக்க வேண்டி வந்திட்டுதோ?"

விளக்கு அணைகிறது. காட்சி முடிகிறது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆணுறை தெரியும், சோதனை தெரியும், மருந்து தெரியும். தெரிந்து என்ன பயன்? தெரிந்த வாயை ஒரே கேள்வியால் அடைத்துவிட்டானே! அவன் கொடியவனா? இல்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கூட்டம் பெண்களுக்கு; நோய் இருவர்க்கும்! விழிப்புணர்வை மகளிர் கூட்டத்தோடு முடிப்பவர்கள், பூட்டைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் சாவியை ஆணிடம் விட்டு வருகிறார்கள்.

இதைத்தான், தோழர்களே, உங்கள் நெஞ்சில் நிறுத்த விரும்புகிறேன்: அறிவு என்பது காதில் விழும் சொல் அன்று, கையில் இருக்கும் வலிமை. செயல்பட முடியாத அறிவு, சிறைக்குள் இருப்பவனுக்குக் கொடுத்த ஊர்வழிப் படம். அந்த வலிமையைத் தடுக்கும் சுவர்கள் மூன்று.

முதற் சுவர், வீட்டுக்குள் இருப்பது. அதைச் சற்று முன் கண்டோம்.

இரண்டாம் சுவர், பதிவேடு. முகாமில் வாழ்பவரின் வாழ்வு பதிவேட்டில் தொங்குகிறது. பெயர் சரிபார்க்கும் நாளில் ஆள் இருக்க வேண்டும். இல்லையேல் உதவித்தொகைக்கு இடையூறு. வெளியே தங்கினால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இப்படி ஒவ்வோர் அசைவும் எழுதப்படுகிற இடத்தில் வாழ்பவள், இரத்தச் சோதனையின் முடிவும் அந்த ஏட்டிலே ஏறிவிடுமோ என்று அஞ்சமாட்டாளா? நோயென்று தெரிந்தால் முகாமை விட்டு அனுப்பிவிடுவார்களோ, பிள்ளையின் படிப்பு என்னாகுமோ, மகளின் கல்யாணம் என்னாகுமோ என்று நடுங்கமாட்டாளா? அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தை அவளிடம் யார் போய்ச் சொன்னார்கள்?

2017-இல் நாடாளுமன்றம் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. தெரிந்து கொடுத்த ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியிடக் கூடாது. வேலையில், கல்வியில், மருத்துவத்தில், குடியிருப்பில் வேற்றுமை காட்டக் கூடாது. தொற்றுள்ளோர்மீது வெறுப்பைப் பரப்பினால் சிறைத் தண்டனையும் உண்டு. குடிமகனா என்று கேட்டுக் காக்கிற சட்டமன்று அது. மனிதரைப் பார்த்துக் காக்கிற சட்டம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆயினும் இந்த ஒரு சட்டத்தின் நிழல் அகதிப் பெண்ணின் தலைமீதும் விழுகிறது. அந்த நிழல் இருப்பதை அவளுக்குக் காட்டுவது நம் கடமை அன்றோ?

பழைய கணக்கொன்றும் உண்டு. 1991-க்குப் பிறகு, முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழையக் கட்டுப்பாடு வந்தது. தமிழ்நாட்டில் இக்கிருமி வேகமாய்ப் பரவிக் கொண்டிருந்த காலம் அது; மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-இல் தோன்றியதே அந்த அச்சத்தால்தான். ஊருக்குச் சொல்லப் பறை முழங்கிய அதே வேளையில், முகாமின் வாசலில் காவல் நின்றது. இப்படிப் பல்லாண்டுக் காலம் மூடியிருந்த காதுகளில் ஒரே மாலையில் ஒரு துண்டறிக்கை போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை.

மூன்றாம் சுவர், மௌனம். போரிலே பெண்ணின் உடலைப் போர்க்களமாக்குவது பழங்கொடுமை. 1994-இல் ருவாண்டாவில் திட்டமிட்டு அதைச் செய்தார்கள். கெடுக்கப்பட்ட பெண்களில் பலருக்கு எச்.ஐ.வி.யும் தொற்றிற்று. 1998-இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் அகாயேசு வழக்கில், பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று தீர்ப்பெழுதிற்று. ஈழத்திலும் தமிழர்மீது பாலியல் வன்கொடுமை நிகழ்ந்ததை 2015-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. அந்த நெருப்பைக் கடந்து வந்தவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். எவர் என்று நாம் அறியோம். அறிய வேண்டியதும் இல்லை. ஆனால் சோதனைக்கு வா என்று அழைக்கும் குரல், ஆறிய புண்ணைக் கீறும் குரலாக இருக்கக் கூடாது. வரிசையில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் பெயர் படித்து, வாசலில் படம் எடுத்து நடத்துகிற முகாம் விழா அவர்களுக்கு வேண்டாம்.

"இதையெல்லாம் வெளிப்படையாக எழுதலாமா? பண்பாடு என்னாவது?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். சிலப்பதிகாரத்தை நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். கோவலன் மாதவியிடம் போனான்; திரும்பி வந்தான். கண்ணகி ஏனென்று கேட்கவில்லை. சிலம்பு இருக்கிறது என்றாள். அவனோடு ஊரை விட்டே புறப்பட்டாள். அதே கண்ணகி பாண்டியன் அவையில் என்ன செய்தாள்? அரசனை நோக்கி விரல் நீட்டி நீதி கேட்டாள்! அவையில் கேட்கத் தெரிந்த வாய்க்கு வீட்டிலும் கேட்க உரிமை உண்டு. இன்றைய கண்ணகி, "சிலம்பு இருக்கட்டும், முதலில் இருவரும் போய் இரத்தம் சோதித்து வருவோம்" என்று சொன்னால் பண்பாடு சாகாது, கண்ணகி சாகமாட்டாள். எது பெரிது?

சரி, நாம் என்ன செய்வது? பேசிக் கலைவது நம் இயக்கத்துக்கு அழகன்று. கிளைத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன்.

முதலில், ஆண்களிடம் பேசுங்கள். முகாமில் மட்டுமல்ல; லாரிப் பட்டறையில், வண்ணம் பூசும் மேஸ்திரிகளிடம், நம் ஊர்ப் படிப்பகத்தில் பேசுங்கள். அகதிப் பெண்ணுக்கு வரும் ஆபத்து அகதி ஆணிடமிருந்துதான் வரும் என்று எந்த நூலிலும் எழுதவில்லை. கூலிக்கு அழைத்துச் சென்று ஆதரவற்றவளிடம் கை நீட்டுகிறவன் நம் ஊர்க்காரனாகவும் இருக்கலாம். அவனுக்குக் கொடியும் இல்லை, கட்சியும் இல்லை. கண்டிக்க நமக்குத் தயக்கமும் வேண்டாம்.

அடுத்து, சோதனைக்கு வழி செய்யுங்கள்; சோதனையை நீங்கள் நடத்த வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. சோதனை இலவசம், முடிவு இரகசியம், சோதிக்கும் முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். 1097 என்ற எண்ணைக் கூப்பிட்டால் கட்டணமில்லாமல் விளக்கம் கிடைக்கும். கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு மருத்துவமனைக்குப் போகும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலியின் இழப்பு. பேருந்துக் கட்டணம் வேறு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேறு. அந்த ஒரு நாளை அவளுக்கு எளிதாக்குங்கள். ஏன் போகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்! கருவுற்ற பெண்கள் முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்து, மற்றச் சோதனைகளோடு இதையும் செய்து கொள்ளட்டும். கணவனும் உடன் போகட்டும். இருவரும் போனால் இழிவும் இல்லை, ஐயமும் இல்லை.

பிறகு, முகாமின் பெண்களையே பேச வையுங்கள். 1984-இல் சந்திரகாசன் முயற்சியால் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் மக்களையே ஆசிரியராக்கி, நலப் பணியாளராக்கி, தம் மக்களுக்குத் தாமே தொண்டு செய்ய வைத்தது. வெளியிலிருந்து வரும் பேச்சாளன் ஒரு மாலை இருப்பான். அடுத்த வீட்டு அக்கா ஆயுள் முழுதும் இருப்பாள். குழாயடியில் அவள் சொல்லும் ஒரு சொல், மேடையில் நான் முழங்கும் ஒரு மணி நேரத்தைவிடப் பெரிது. பேச்சையே தொழிலாகக் கொண்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

இறுதியாக, அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். மருத்துவ ஏடு வேறு, முகாம் பதிவேடு வேறு. ஒன்றின் எழுத்து மற்றொன்றில் ஏறாது என்று ஒவ்வொரு முகாமிலும் எழுத்திலே உறுதி சொல்லுங்கள் என்று கேட்போம். தொற்றுள்ளவர் மருந்துக்குப் போகும் நாளும் பெயர் சரிபார்க்கும் நாளும் மோதினால், மருந்து வெல்லட்டும் என்று கேட்போம். நம் கொடி எந்தக் கொடி ஆனாலும், கோட்டையில் இருப்பவர் எவர் ஆனாலும், இதைக் கேட்பதில் கூச்சம் என்ன?

தோழர்களே! ஈழம் என்ற சொல்லுக்குக் கண்ணீர் விட்டிருக்கிறோம், உண்ணாநோன்பு இருந்திருக்கிறோம், ஊர்வலம் போயிருக்கிறோம். அவை யாவும் கடலுக்கு அப்பால் உள்ள தமிழனுக்காக. கடலுக்கு இப்பால், நம் நெடுஞ்சாலையின் ஓரத்தில், நாம் பேருந்தில் கடந்து போகிற முகாமிலே ஒரு தமிழச்சி இருக்கிறாள். அவளுக்கு நம் கண்ணீர் வேண்டாம், இரக்கமும் வேண்டாம். தெரிந்து கொள்ளும் வாய்ப்பும், தெரிந்ததைச் சொல்லும் துணிவும், சொன்னதைக் கேட்கும் கணவனும், கேட்டதைக் காக்கும் மருத்துவமனையும் போதும்.

புள்ளிராஜாவுக்கு வருமா என்று சுவர்கள் கேட்ட காலம் போகட்டும். அவன் மனைவி என்ன கேட்கிறாள் என்று இனி மனிதர்கள் கேட்கட்டும். அதற்கு மொட்டமலைக்கும் போகநல்லூருக்கும் நாம் போக வேண்டும். பேச மட்டுமல்ல, உட்கார்ந்து கேட்கவும் போக வேண்டும்.